தாக்குதலும் மதிப்பும்: சதுரங்கம் பற்றி ஒரு விசாரணை

பிறருடைய அறியாமையை நம்பி ஒரு காரியத்தில் இறங்குவது அறமாகுமா? இக்கேள்வியை வட்டித் தொழிலைப் பற்றியோ, நிலம் வாங்கி விற்பதைப் பற்றியோ கேட்டால், "ஆகாது" என்று நாம் எல்லோரும் ஒரே குரலில் விடை சொல்லுவோம். ஆனால் விளையாட்டைப் பற்றிக் கேட்டால் சிறிது தயங்குவோம். "விளையாட்டில் ஜெயிப்பதுதானே நோக்கம்? எதிரி ஏமாந்தால் அது அவன் குற்றம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். அந்தத் தயக்கத்தைத்தான் இக்கட்டுரையில் விசாரிக்கக் கருதுகிறோம். அதற்குச் சதுரங்கத்தைக் காட்டிலும் தகுந்த இடம் வேறில்லை என்பது நமது அபிப்பிராயம்.

உழைக்கும் ஜனங்கள் படிக்கும் பத்திரிகையில் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். நம் தோட்டங்களில் பெரியவர்கள் சிலர் இன்றும் சதுரங்கத்தைச் சூதாட்டத்தோடு சேர்த்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். திருவள்ளுவர் சூதைக் கண்டிக்கவே ஓர் அதிகாரம் வகுத்தார் என்பது உண்மை. ஆனால் அவர் கண்டித்தது உருளும் காயை நம்பிக் கைப்பொருளை வைத்து ஆடும் ஆட்டத்தை. சதுரங்கத்தில் உருளும் காய் இல்லை; மறைத்து வைக்கும் சீட்டும் இல்லை. 64 கட்டங்களும், இருபுறத்தும் 16 காய்களாக 32 காய்களும், இருவர் கண்ணுக்கும் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஒருவன் அறிந்ததை மற்றவனும் அறியத் தடையில்லை. இப்படி எல்லாம் வெட்டவெளிச்சமாக இருக்கும் இடத்தில் ஒருவன் எப்படி ஏமாறுகிறான், ஏமாற்றுகிறவன் எதை நம்பி ஏமாற்றுகிறான் என்று ஆராய்ந்தால், பலகைக்கு வெளியேயும் நமக்குப் பயன்படும் உண்மை ஒன்று கிடைக்கும்.

சதுரங்கத்தில் வல்லவர்களுக்காக இதை எழுதவில்லை. காய்களின் நடை தெரிந்து, குதிரையால் ஒரே சமயத்தில் இரண்டு காய்களைத் தாக்கவும், மந்திரியால் எதிரியின் காயை அசையவொட்டாமல் கட்டவும் கற்றுக்கொண்டு, அதற்கு மேல் முன்னேற வழி தெரியாமல் நிற்பவர்களுக்காகவே எழுதுகிறோம். நாமும் அப்படி நின்றவர்களில் ஒருவரே. தோட்டத்துக் கிராணிக்குச் "செக்" என்றால் முதலில் நினைவுக்கு வருவது செக்ரோல்தான். பகலெல்லாம் ஆட்களின் வருகையையும் குலைக் கணக்கையும் எழுதிவிட்டு, ஞாயிறு தோறும் சிரம்பானை அடுத்த தெமியாங்கில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து ஆடுவதே நமக்குக் கிடைத்த சதுரங்கக் கல்வி.

அந்தக் கடையில் ஒரு ஞாயிறன்று பதினேழு வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் நம் எதிரில் வந்து உட்கார்ந்தான். அவன் தகப்பனார் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி என்பது நமக்குத் தெரியும். அவர் பெயரை நாமே ஒவ்வொரு நாளும் கணக்கில் எழுதுகிறோம். ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டு பதின்மூன்று நகர்த்தல் ஆனதும், நாம் புத்தகத்தில் படித்துப் பல நாளாகக் காத்திருந்த சந்தர்ப்பம் வாய்த்துவிட்டது போல் தோன்றிற்று. நம் மந்திரியைக் கொண்டுபோய், கோட்டை கட்டி ஒதுங்கியிருந்த அவன் இராஜாவுக்கு முன்னால் நின்ற ஓரத்துச் சிப்பாயை வெட்டிச் செக் கொடுத்தோம். மந்திரி பலியாகும், ஆனால் அந்தப் பலியின் பேரில் இராஜாவின் வீடு இடிந்து விழும் என்பது நம் கணக்கு.

இந்தப் பலியை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். இது மிகப் பழைய உத்தி. 17ஆம் நூற்றாண்டில் கிரேக்கோ என்னும் இத்தாலியர் எழுதிவைத்த ஆட்டங்களிலேயே இது காணப்படுகிறது. மந்திரியை இராஜா வெட்டியதும், நம் குதிரை துள்ளி வந்து மறுபடி செக் கொடுக்கும். அதன் பின்னால் இராணி ஓடிவந்து சேருவாள். இது பலிக்கச் சில நிபந்தனைகள் உண்டு. குதிரை வந்து நிற்கும் கட்டத்தில் அதை எளிதில் வெட்ட முடியாதிருக்க வேண்டும். இராணிக்கு அந்தப் பக்கம் போக வழி திறந்திருக்க வேண்டும். எதிரியின் காவற்குதிரை வழக்கமான தன் இடத்தில் இல்லாதிருக்க வேண்டும். பின்னால் துணைக்கு வர நமக்கு வேறு காய்களும் வேண்டும். இவையெல்லாம் இருந்தாலும், குதிரை செக் கொடுத்ததும் எதிரியின் இராஜாவுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும். ஒன்று, வந்த வழியே வீட்டுக்குத் திரும்புவது. இரண்டாவது, பலகையின் ஓரத்தில் ஒரு கட்டம் ஏறி நிற்பது. மூன்றாவது, அஞ்சாமல் முன்னேறி, தாக்க வந்த குதிரையின் பக்கத்திலேயே வெளியில் வந்து நிற்பது.

முதல் வழியை எடுத்தால் இராணி வந்து ஆட்டத்தை முடித்துவிடுவாள் என்று கணக்கிட்டிருந்தோம். இரண்டாவது வழியை எடுத்தால் குதிரை விலகும்போது பின்னாலுள்ள மற்றொரு மந்திரியின் செக் வெளிப்படும் என்பதையும் கண்டிருந்தோம். மூன்றாவது வழியைப் பற்றி நாம் கணக்கே போடவில்லை. தெரியாமல் விட்டோம் என்று சொல்ல முடியாது; அந்தக் கட்டம் கண்ணில் பட்டது. "இவனாவது, அங்கே வருவதாவது" என்று அதை ஒதுக்கிவிட்டோம்.

அவனுடைய இராஜா அங்கேதான் வந்தான். நாம் இராணியைக் கொண்டு ஒரு செக் கொடுத்தோம். ஒரு சிப்பாயை முன்தள்ளி மறித்தான். அதற்கு மேல் கொடுக்கச் செக் இல்லை. துணைக்கு வரக் காயும் இல்லை. நம் கோட்டைகள் இரண்டும் மூலையிலேயே தூங்கிக்கொண்டிருந்தன. மற்றொரு குதிரை பலகையின் மறுகோடியில் நின்றது. கொடுத்த மந்திரி கொடுத்ததாகவே போயிற்று. அரைமணி நேரத்தில் நாம் தோற்றோம். காய்களை அடுக்கும்போது அந்த இளைஞன் மரியாதையாகவே கேட்டான்: "ஐயா, நான் வெளியே வரமாட்டேன் என்று நினைத்தீர்களா?"

"ஆமாம், தம்பி" என்றோம். வேறு என்ன சொல்வது? ஆனால் அந்தக் கேள்வி தோட்டத்துக்குத் திரும்பும் வழி நெடுக நம்மை விடவில்லை. எதனால் அப்படி நினைத்தோம்? அவன் ஆட்டத்தைப் பார்த்தா? இல்லை; அதற்குமுன் அவனோடு நாம் ஆடியதே இல்லை. அவன் தகப்பனார் காலைப் பெரட்டில் வரிசையில் நிற்பவர். நாம் பெயர் கூப்பிடுபவர். நாம் ஆங்கிலத்தில் படித்தவர். அவன் தோட்டத்துப் பள்ளியில் படித்தவன். செக் என்றதும் அவன் அஞ்சி வீட்டுக்குள் ஓடுவான் என்று முடிவு கட்டியது பலகையைப் பார்த்த கண் அன்று. செக்ரோலைப் பார்த்துப் பழகிய கண்ணே.

இங்கேதான் நம் விசாரணை தொடங்குகிறது. நாம் செய்தது கணக்குப் பிழையா, ஒழுக்கப் பிழையா? இரண்டும் ஒன்றே என்பது நமது முடிவு. இதை வாசகர்கள் அவசரப்பட்டு ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

சதுரங்கத்தில் "கணக்கு" என்று சொல்லப்படுவது என்ன? நான் இதைச் செய்தால் அவன் எதைச் செய்வான் என்று அறிவதே. அதில் பாதி நம்முடைய எண்ணம்; மற்றப் பாதி எதிரியினுடையது. நம் பாதியை எவ்வளவு கூர்மையாக எண்ணினாலும், எதிரியின் பாதியை அரைமனத்தோடு எண்ணினால் கணக்குப் பிசகும். அந்தப் பாதியை நேர்மையாக எண்ண வேண்டுமானால், எதிரியின் நாற்காலியில் நாம் போய் உட்கார்ந்து, அவனுக்காக, அவன் ஜெயிக்க வேண்டுமென்ற ஆசையோடு, மிகச் சிறந்த மறுமொழியைத் தேட வேண்டும். எதிரியை அற்பமாக நினைப்பவனால் இதைச் செய்ய முடியாது. அவன் எதிரியின் நாற்காலியில் உட்காரும்போதே ஒரு முட்டாளாகத்தான் உட்காருவான். முட்டாளின் நகர்த்தலைத்தான் கண்டுபிடிப்பான்.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். சதுரங்க ஆசிரியர்கள் இன்றும் காய்ப்பலம், காலம், இடம் என்னும் மூன்றையே ஆட்டத்தின் அடிப்படையாகச் சொல்லுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. வலியை அறிவதில் தன் வலியோடு மாற்றான் வலியையும் சேர்த்தே தூக்கிப் பார்க்க வேண்டுமென்பது அப்புலவரின் கருத்து. மாற்றான் வலியைத் தூக்கும் தராசில் அவன் பிறப்பையும் சட்டையையும் வைப்பவன் தராசையே கெடுத்தவனாவான்.

பிறப்பைக் கொண்டு அறிவை அளக்கும் பழக்கம் உலகப் பேர்பெற்ற ஆட்டக்காரர்களுக்கும் எதிரே வந்து நின்றதுண்டு. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான், சர் உமர் ஹயாத் கான் என்னும் பிரபுவின் ஆதரவில் 1929இல் இங்கிலாந்து சென்றார். அவர் கற்றிருந்தது நம் நாட்டு முறை ஆட்டம். அதில் சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் பாயாது; இராஜா மேல்நாட்டு முறைப்படி கோட்டை கட்டுவதும் இல்லை. மேல்நாட்டார் நூல் நூலாக எழுதிவைத்திருந்த தொடக்க ஆட்ட முறைகளை அவர் படித்து வளர்ந்தவர் அல்லர். அப்படியிருந்தும் சென்ற ஆண்டிலேயே, 1929இல், பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார்; 1932இலும் 1933இலும் மறுபடியும் வென்றார். உலகச் சாம்பியனாக இருந்த காபாபிளாங்காவையே 1930-31ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் பந்தயத்தில் தோற்கடித்தார். அதே பிரபுவின் வீட்டிலிருந்து சென்ற பாத்திமா என்னும் பெண்மணி 1933இல் பிரிட்டிஷ் பெண்கள் பட்டத்தை வென்றார். சுல்தான் கான் 1966இல் காலமானார். உலகச் சதுரங்க சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024இல். மதிக்க வேண்டியவரை மதிக்க உலகம் எடுத்துக்கொண்ட காலம் அவர் இறந்து 58 ஆண்டு. பலகையோ அவரை முதல் ஆண்டிலேயே மதித்துவிட்டது. பிரபுவின் வீட்டு ஆள், படிப்பில்லாதவர், கீழ்நாட்டார் என்று எண்ணி அவர் முன் உட்கார்ந்தவர் எவரேனும் இருந்திருந்தால், அவர் அதற்குரிய விலையைப் பலகையிலேயே கொடுத்திருப்பார்.

இனி, நம் கட்சிக்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் பார்ப்போம். எதிரியின் சிறந்த மறுமொழிக்கும் ஈடுகொடுக்கும் நகர்த்தலைத்தான் ஆட வேண்டுமென்றால், சதுரங்கத்தில் துணிவுக்கே இடமில்லாமல் போகாதா? லாட்வியா நாட்டு மிகாயில் தால் 1960இல் போத்வின்னிக்கை வென்று 23ஆம் வயதில் உலகச் சாம்பியனானவர். காய்களை அள்ளி அள்ளிப் பலிகொடுத்துத் தாக்கியவர். அப்பலிகளிற் பல, ஆட்டம் முடிந்தபின் ஆற அமர ஆராய்ந்து பார்த்தால் மறுக்கக்கூடியவை என்று பிறகு தெரிந்தது. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மறுக்க முடியாமல் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் விழுந்தார்கள். அவரும் எதிரியின் பிழையை நம்பித்தானே ஆடினார்?

இக்கேள்வி தமிழர்களுக்கு அந்நியமானதன்று. சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் 1972இல் தோன்றிய சதுரங்கக் கழகம் தாலின் பெயரையே தாங்கி நின்றது. அதை முன்னின்று நடத்தியவர் மானுவல் ஆரோன். பர்மாவில் தவுங்கூ என்னும் ஊரில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்து, 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானவர் அவர். கடல் கடந்த தமிழர்களாகிய நாம் நினைவில் வைக்கத்தக்க செய்தி இது. 1969இல் மயிலாடுதுறையில் பிறந்து, 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராகி, பின்னர் உலகச் சாம்பியன் பட்டமும் வென்ற விசுவநாதன் ஆனந்த், சிறுவயதில் ஆடிப் பழகியது அந்தத் தால் கழகத்தில்தான். ஆகவே தாலின் துணிவைக் குற்றம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. தள்ள வேண்டியதும் இல்லை.

பிறர் பிழையைப் பயன்படுத்துவதில் மூன்று வகை உண்டு. முதல்வகை வலை. நான்கே நகர்த்தலில் ஆட்டத்தை முடிக்கும் வித்தை என்று பள்ளிப் பிள்ளைகள் ஒன்றைக் கற்றுக்கொள்வார்கள். இராணியையும் மந்திரியையும் வெளியே கொண்டுவந்து, இராஜா ஒருவனே காக்கும் சிப்பாயின்மேல் குறிவைப்பது அது. எதிரி பாராவிட்டால் ஆட்டம் முடிந்தது. பார்த்துவிட்டாலோ, அவன் தன் காய்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவரும்போதே நம் இராணியை விரட்டுவான்; நாம் ஓடிக்கொண்டிருப்போம்; அவன் படை அணிவகுத்துவிடும். எதிரி அறிவுள்ளவனாயிருந்தால் நமக்கே நட்டம் தரும் நகர்த்தல் எதுவோ அதுவே வலை. அது எதிரியின் மடமையின்மேல் கட்டிய வீடு.

இரண்டாவது வகை வினா. எதிரி எவ்வளவு நன்றாக ஆடினாலும் நமக்குக் கேடில்லை. ஆனால் அவன் நன்றாக ஆடித்தான் ஆக வேண்டும் என்று ஒவ்வொரு நகர்த்தலிலும் அவனைக் கேட்டுக்கொண்டே இருப்பது. 2024 டிசம்பர் 12ஆம் தேதி நம் அண்டை நாடான சிங்கப்பூரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். சென்னையைச் சேர்ந்த 18 வயதுக் குகேஷும் உலகச் சாம்பியன் டிங் லிரெனும் 14ஆவது, கடைசி ஆட்டத்தை ஆடினார்கள். அதுவரை இருவரும் சமம். பலகையில் இருவருக்கும் ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வொரு மந்திரியுமே எஞ்சின; குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். அந்த நிலை சமமாகவே முடியத்தக்கது. ஆயினும் குகேஷ் சமத்துக்கு இசையாமல் ஆடிக்கொண்டேயிருந்தார். 55ஆம் நகர்த்தலில் டிங் தம் கோட்டையை மாற்றிக்கொள்ளலாம் என்று நீட்டினார். அப்போது அவர் மந்திரி பலகையின் மூலையில் அகப்பட்டிருந்தது. கோட்டைகள் போனதும் குகேஷ் தம் மந்திரியை எதிரே நிறுத்தினார். அந்த மந்திரிகளும் மாறித்தான் ஆக வேண்டியதாயிற்று. எஞ்சிய சிப்பாய் ஆட்டம் குகேஷுக்கு வெற்றி. 58ஆம் நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது; ஏழரைக்கு ஆறரை என்று பட்டம் கைமாறியது. டிங் பிழை செய்தார் என்பது உண்மை. ஆனால் குகேஷ் வலை விரிக்கவில்லை. டிங் கடைசிவரை நன்றாக ஆடியிருந்தால் குகேஷ் இழந்திருக்கக்கூடியது ஒன்றுமில்லை, சமமாகப் பிரிந்திருப்பார். இதில் எதிரியை இகழ்ந்தது எங்கே? களைப்பிலும் நீ சரியாக ஆட வல்லாய், ஆடிக் காட்டு என்று கேட்பது மதிப்பே.

மூன்றாவது வகை தாலினுடையது. முடிவு காண முடியாத காட்டுக்குள் இருவரும் சேர்ந்து இறங்குவது. இதில் எதிரிக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்ற எண்ணமே இல்லை, இருவருக்கும் தெரியாது. தன் படை முழுவதையும் முன்னே நிறுத்தி, தோற்றால் தானும் தோற்கிறேன் என்று துணிபவன் எதிரியைத் தனக்குச் சமமான ஆபத்தில் வைக்கிறான். ஏமாளி என்று எண்ணவில்லை. தால் எதிர்கொண்டது உலகத்தின் முதல்தர ஆட்டக்காரர்களை. அவர்களுடைய மறுமொழிகளை அவர் பாராமல் ஒதுக்கியிருந்தால் அத்தனை வெற்றி கிட்டியிராது. நாமோ, ஒரு மூலையில் இரண்டு கோட்டைகளைத் தூங்கவிட்டு, கணக்குப் போடக்கூடியதைப் போடாமல் விட்டு, "இவன் வரமாட்டான்" என்ற நம்பிக்கையின்மேல் மந்திரியைக் கொடுத்தோம். அதைத் துணிவு என்று சொல்லிக்கொள்வது தாலுக்கும் துணிவுக்கும் இழுக்கு.

அப்படியானால் தாக்காமலே ஒதுங்கி ஆடுவதுதான் அறமோ என்று கேட்டால், அதுவும் அன்று. 1886இல் முதல் உலகச் சாம்பியனான ஸ்டைனிட்ஸ் இதற்கு ஒரு விதி வகுத்தார். நிலையில் மேன்மை இல்லாதவன் தாக்கக்கூடாது. மேன்மை உள்ளவனோ தாக்கியே ஆக வேண்டும், தாக்காவிட்டால் அந்த மேன்மை அவனை விட்டுப் போய்விடும் என்பது அவர் போதனை. இதன் பின்பாதியை நம் மக்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டுகிறோம். நல்ல நிலையை அரும்பாடுபட்டுக் கட்டிவிட்டு, எதிரில் இருப்பவர் வக்கீல் என்றோ, வாத்தியார் என்றோ, ஆங்கிலத்தில் பேசுகிறார் என்றோ கூசி, "சமம் வைத்துக்கொள்ளலாமா?" என்று தாமே கை நீட்டும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். அதுவும் நாம் செய்த பிழைக்கு உடன்பிறந்த பிழைதான். நாம் எதிரியின் வலியைக் குறைத்து எடைபோட்டோம். அவர்கள் தம் வலியைக் குறைத்து எடைபோடுகிறார்கள். இரண்டிலும் பலகையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்ததே குற்றம். அந்த இளைஞனின் இராஜா வெளியே வந்ததை நாம் இன்றும் பாராட்டுவது இதனால்தான். நம்மைப் பார்த்து அவன் அஞ்சவுமில்லை, இகழவுமில்லை. கட்டங்களை எண்ணினான், பத்திரமான கட்டம் அதுவென்று கண்டான், வந்தான்.

இந்தப் பார்வையைப் பழக்கத்தில் கொண்டுவருவது எப்படி? நாம் அந்தத் தோல்விக்குப் பின் கைக்கொண்ட முறைகளை மற்றவர்க்கும் பயன்படுமென்று சொல்லுகிறோம். ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்னும், எதிரியால் நமக்குக் கொடுக்கக்கூடிய செக்குகள் எவை, வெட்டக்கூடிய காய்கள் எவை, அடுத்து விளைக்கக்கூடிய அபாயங்கள் எவை என்று முதலில் எண்ண வேண்டும். பிறகே நம்முடையதை எண்ண வேண்டும். இந்த வரிசையை மாற்றக்கூடாது. நம் ஆசை முதலில் பேசிவிட்டால் பிறகு எதிரியின் குரல் காதில் விழாது.

புத்தகத்தில் புதிர்நிலைகளைப் பார்க்கும்போது, முதல் நகர்த்தல் தெரிந்தவுடன் விடையைத் திருப்பிப் பார்ப்பது வீண். எதிரிக்குள்ள எல்லா மறுமொழிகளையும், ஒவ்வொன்றுக்கும் நம் பதிலையும், ஒரு தாளில் எழுதிமுடித்த பின்பே திருப்ப வேண்டும். நாம் எழுதாமல் விட்ட மறுமொழி எதுவோ அதுவே நம் குறையைக் காட்டும். நாம் இப்படி எழுதிப் பார்த்ததில் ஒன்று கண்டோம். பெரும்பாலும் நாம் விட்டுவிடுவது கண்ணுக்குத் தெரியாத மறுமொழியை அன்று. நமக்குப் பிடிக்காத மறுமொழியையே. எனவே, எந்தக் கட்டத்தைப் பார்க்கும்போது "இங்கே வரமாட்டான்" என்று மனம் அவசரமாகச் சொல்லுகிறதோ, அந்தக் கட்டத்திலேதான் அதிக நேரம் நிற்க வேண்டும்.

தாக்கத் தொடங்குமுன் இராஜாவைச் சுற்றி நம் காய்கள் எத்தனை, அவனைக் காப்பவை எத்தனை என்று எண்ண வேண்டும். சும்மா இருக்கும் காய் ஒன்று இருந்தாலும், பலி கொடுப்பதைச் சற்றே ஒத்திவைத்து அதைக் கொண்டுவர முடியுமா என்று பார்க்க வேண்டும். பலகையின் நடுப்பாகம் திறந்து கிடக்கும்போது ஓரத்தில் தாக்கினால், எதிரி நடுவில் அடித்து நம் தாக்குதலைச் சிதறடிப்பான் என்பதை மறக்கக்கூடாது. வாரத்துக்கு ஒரு முறையாவது, நாம் ஜெயித்த ஆட்டத்தைப் பலகையைத் திருப்பி வைத்துத் தோற்றவர் பக்கத்திலிருந்து ஆடிப் பார்க்க வேண்டும். நம் வெற்றிகளில் எத்தனை நம்முடையவை, எத்தனை எதிரியின் தயவு என்பது அப்போது தெரியும். அந்தக் கணக்கு சில வேளை வெட்கப்பட வைக்கும், அவ்வெட்கமே கல்வி.

இக்காலத்தில் கைப்பேசியிலுள்ள இயந்திரமும் ஒரு துணை. 1997இல் காஸ்பரோவை ஓர் இயந்திரம் வென்றது முதல், இவ்வாட்டத்தில் மனிதனுக்கு மேற்பட்ட வலி இயந்திரத்துக்கு வந்துவிட்டது. அந்த இயந்திரத்திடம் நாம் கற்க வேண்டிய குணம் ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் சிறுவரா, சாம்பியனா, தோட்டத்தாரா, பட்டணத்தாரா என்று அது பார்ப்பதில்லை. எவரானாலும் மிகச் சிறந்த மறுமொழியே வரும் என்று வைத்துக்கொண்டுதான் அது கணக்குப் போடுகிறது. ஆனால் ஆட்டம் முடிந்த மறுநொடியே அதனிடம் ஓடி விடை கேட்பவன் ஒன்றும் கற்கமாட்டான். எங்கே தவறினோம் என்று முதலில் தானே தேடி, எழுதிவைத்து, பிறகே அதனிடம் காட்ட வேண்டும். பிறர் சொன்ன விடை நினைவில் ஒரு நாள் நிற்கும்; தானே கண்ட பிழை நெடுநாள் நிற்கும்.

தொடங்கிய கேள்விக்குத் திரும்புவோம். பிறர் அறியாமையை நம்பி ஒரு காரியத்தில் இறங்குவது அறமாகாது என்று சொன்னோம். சதுரங்கம் நமக்கு அதற்கொரு காரணத்தையும் சேர்த்துத் தருகிறது. பிறரை அறிவிலி என்று எண்ணுபவன் முதலில் கெடுத்துக்கொள்வது தன் கண்ணை. வெளிப்படையாக இருக்கும் கட்டத்தைக்கூட அவனால் பார்க்க முடியாமற் போகிறது. சாதியைக் கொண்டும், வேலையைக் கொண்டும், படித்த மொழியைக் கொண்டும் மனிதரை எடைபோட்டுப் பழகிய சமூகம், எத்தனை கட்டங்களைப் பார்க்காமலே இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம். அந்தப் பழக்கத்தை ஒழிக்க மேடைப் பேச்சு வேண்டும், சட்டம் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும். அவற்றோடு, எதிரெதிரே சமமாக உட்கார்ந்து ஆடும் ஒரு பலகையும் இருக்கட்டும் என்கிறோம். ஒவ்வொரு தோட்டத்து மண்டபத்திலும், பட்டணத்துப் படிப்பகத்திலும் இரண்டு பலகைகள் வாங்கிவைக்கப் பெருஞ்செலவு ஆகாது. ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும், கிராணி வீட்டுப் பிள்ளைகளோடு வெளிக்காட்டு வேலைக்காரர் பிள்ளைகளும் அங்கே உட்கார வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அடுத்த ஞாயிறு அந்த இளைஞனோடு மறுபடியும் ஆடினோம். இம்முறை அவன் இராஜா போகக்கூடிய எல்லா வழிகளையும், வெளியே வரும் வழியை முதலில் வைத்து, எண்ணிப் பார்த்தே காய்களை நகர்த்தினோம். நெடுநேரம் ஆடியும் முடிவு காணாமல் சமமாகப் பிரிந்தோம். அதற்கு அடுத்த நாள் காலை, பெரட்டில் அவன் தகப்பனார் பெயரைக் கூப்பிடும்போது, தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டோம். அதுவரை பெயரைப் பார்த்தே கூப்பிட்டு வந்தோம் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.